பருப்புச் சாதத்துக்கும் பணம் உண்டு: வீட்டில் டே கேர் நடத்தும் ஒரு வாசகிக்கு

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வீட்டிலேயே டே கேர் நடத்துகிறேன். முறைப்படி பதிவு செய்திருக்கிறேன். நான்கு குழந்தைகள் வருகிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒன்றரை வயது, மற்ற மூவருக்கும் மூன்று, நான்கு வயது. எல்லாருமே சைவம். நான்கு வயதாகும் என் மகளும் அவர்களோடுதான் சாப்பிடுகிறாள். தோழி சொல்லித்தான் அரசு ஃபுட் புரோகிராமில் சேர்ந்தேன். சேர்ந்து மூன்று வாரம் ஆவதற்குள் இந்தத் திட்டத்தில் எங்களை மேற்பார்வை பார்க்கும் ஸ்பான்சர் அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். அன்று சோனா மசூரி சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், வீட்டில் உறை ஊற்றிய தயிர், வாழைப்பழம், பால். அரிசி சேராது, தயிர் சேராது, சாம்பாரில் பருப்பு போதாது என்று அன்றைய சாப்பாட்டுக்குப் பணம் கிடையாது என எழுதிவிட்டார். மகள் சாப்பிட்டதைக் கணக்கில் எழுதியதும் தவறாம். "மக்ரோனி சீஸ் மாதிரி எளிதாக ஏதாவது கொடுங்களேன்" என்று வேறு சொன்னார். நம் சாப்பாடு அவ்வளவு சத்தில்லாததா? இந்தத் திட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். 74 வயதாகும் என் மாமியார் வாரத்தில் மூன்று நாள் அடல்ட் டே கேருக்குப் போகிறார். சர்க்கரை நோய் உண்டு. அங்கே தினமும் தட்டில் ஒரு பால் பாக்கெட் வைக்கிறார்கள், அவர் தொடுவதே இல்லை. அதுவும் இதே திட்டம்தானா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

திட்டத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அன்று வைத்த தட்டு குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு. ஓர் உணவியல் நிபுணராக அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வந்தவர் சொன்ன மூன்று குறைகளும் விதிப்படி சரியானவைதான். மூன்றையும் சமையலை மாற்றாமலே சரிசெய்துவிடலாம். அரிசிப் பையை மாற்ற வேண்டும், தயிரைக் கடையில் வாங்க வேண்டும், பருப்பை அளந்து வைக்க வேண்டும். மக்ரோனி சீஸ் பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.

முதலில் திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இதன் முழுப் பெயர் சைல்ட் அண்ட் அடல்ட் கேர் ஃபுட் புரோகிராம். அமெரிக்க மத்திய அரசின் வேளாண்மைத் துறைப் பணம் இது. நியூஜெர்சியில் மாநில வேளாண்மைத் துறை வழியாக ஸ்பான்சருக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு வருகிறது. 1968-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1978-ல் குழந்தைகளுக்கான நிரந்தரத் திட்டமானது. 1987-ல்தான் பெரியவர்களின் பகல்நேர மையங்களையும் சேர்த்தார்கள். நம் ஊர்ச் சத்துணவு மாதிரி சமைத்த சாப்பாடோ அரிசியோ பருப்போ இதில் வராது. நீங்கள் வாங்கி, நீங்கள் சமைத்து, விதிப்படி கொடுத்த சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிறகு பணமாகத் தருவார்கள். அதனால்தான் தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதில் இத்தனை கண்டிப்பு.

வந்தவர் மேலும் கோபம் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த வீட்டுக்கு முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறை வந்து பார்த்தே ஆக வேண்டும் என்பது ஸ்பான்சருக்கு இருக்கும் கட்டளை. அப்புறம் வருடத்துக்குக் குறைந்தது மூன்று முறை வருவார்கள். அதில் இரண்டு முறை சொல்லாமல்தான் வருவார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் நின்றதால் உங்கள் பெயர் கெட்டுவிடாது. பெயர் கெடுவது வராத குழந்தை வந்ததாக எழுதினால், கொடுக்காத சாப்பாட்டைக் கொடுத்ததாக எழுதினால்.

இப்போது தட்டுக்கு வருவோம். மதியச் சாப்பாடு என்றால் ஐந்து வகை இருக்க வேண்டும்: பால், புரத வகை, காய், பழம், தானியம். இந்த ஐந்தும் உங்கள் தட்டில் இருந்தன. ஐந்தையும் யோசித்து வைத்தும் பணம் நின்றதால்தான் உங்களுக்கு இவ்வளவு வருத்தம் என்று புரிகிறது.

அரிசி விஷயம் நம்மவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம். இந்தத் திட்டத்தில் தானியம் என்றால் ஒன்று முழுத்தானியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சத்து திரும்பச் சேர்க்கப்பட்டதாக, இங்கே 'என்ரிச்ட்' என்று போடுகிறார்களே, அப்படி இருக்க வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு பி வைட்டமின்களும் இரும்பும் போய்விடுகின்றன. போனதைத் திரும்பச் சேர்த்த அரிசிக்குத்தான் கணக்கு. இந்தியக் கடையில் நாம் வாங்கும் சோனா மசூரி, பொன்னி, இட்லி அரிசி, பாஸ்மதி மூட்டைகளில் பெரும்பாலும் பொருள் பட்டியல் என்று பார்த்தால் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அது சேராது. அமெரிக்கக் கடை அரிசிப் பையைத் திருப்பிப் பாருங்கள். அரிசிக்குப் பக்கத்தில் அயர்ன், நியாசின், தயமின், ஃபோலிக் ஆசிட் என்று வரிசையாக இருந்தால் அது சேரும்.

இங்கே நம் புழுங்கலரிசிக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் ஓரளவு அரிசிக்கு உள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் பச்சரிசியைவிடக் கூடுதலாகத் தங்கும். ஆகவே உங்கள் பாட்டி புழுங்கலரிசிச் சோறு போட்டது வீண் பிடிவாதம் கிடையாது. ஆனால் விதி பார்ப்பது லேபிளை மட்டும்தான். அதோடு வாதாடிப் பயனில்லை.

என்ரிச்ட் அரிசி வாங்கினால் இன்னொரு பழக்கத்தை விட வேண்டும். அந்தச் சத்து பெரும்பாலும் அரிசியின் மேலே பூச்சாகத்தான் இருக்கும். நாம் செய்வதுபோல் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தால் கழுநீரோடு போய்விடும். கஞ்சி வடித்தாலும் அப்படியே. பையிலேயே 'கழுவாதீர்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் ஏற்றிவிடுங்கள். களையாத அரிசியைச் சமைக்கக் கை வரவில்லை என்றால், என் சிபாரிசு பிரவுன் ரைஸ். அது முழுத்தானியம், எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவலாம். ஒரு நாளில் ஒரு வேளையாவது முழுத்தானிய உணவு இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அதுவும் சேர்ந்தே தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பருப்போடு சேர்த்து இரண்டு விசில் கூடுதலாக விட்டுக் குழைத்துவிட்டால் சின்னக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். உதிர் உதிராகக் கொடுத்தால் துப்புவார்கள்.

அளவு பற்றிப் பயம் வேண்டாம். ஐந்து வயது வரை ஒரு குழந்தைக்கு வெந்த சோறு கால் கப் போதும். அது குறைந்தபட்சம். குழந்தை இன்னும் கேட்டால் தாராளமாகப் போடுங்கள்.

அடுத்தது தயிர். வீட்டில் உறை ஊற்றிய தயிர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புரத வகையில் சேராது. தயிர் என்றால் வணிக முறையில் தயாரித்தது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. எனக்கும் இது உவப்பாக இல்லை. ஆனாலும் முடிந்த முடிவு. கடையில் பெரிய டப்பா வெறும் யோகர்ட் வாங்கிக்கொள்ளுங்கள். பழச்சுவை போட்ட கப்புகள் வேண்டாம். அவற்றுக்குச் சர்க்கரை வரம்பு உண்டு. 2025 அக்டோபர் முதல் ஆறு அவுன்ஸுக்கு 12 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை இருக்கக் கூடாது. ஒவ்வொரு லேபிளாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கு வேண்டாத வேலை. அரை கப் யோகர்ட் ஓர் அவுன்ஸ் புரதமாகக் கணக்காகும். வீட்டுத் தயிரைக் கூடுதலாக வைப்பதில் தடை ஒன்றும் இல்லை, அதை எண்ண மாட்டார்கள், அவ்வளவுதான். வீட்டு மோரும் அப்படியே, அது பாலுக்கு ஈடாகாது.

சாம்பாரில்தான் உங்கள் அன்றைய கணக்கு உண்மையில் இடித்திருக்கிறது. வெந்த பருப்பு கால் கப் என்பது இந்தத் திட்டத்தின் கணக்கில் ஓர் அவுன்ஸ் புரதம். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓர் அவுன்ஸ் போதும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு ஒன்றரை அவுன்ஸ் வேண்டும். அதாவது ஆறு மேசைக்கரண்டி கெட்டிப் பருப்பு. நாம் வைக்கும் சாம்பாரில் ஒரு சின்னக் கரண்டி ஊற்றினால் அதில் பருப்பு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தேறினால் அதிகம், மீதி புளித்தண்ணீரும் காயும். வளரும் குழந்தைக்கு அது போதாது என்று விதி இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன். சைவக் குழந்தைகளுக்கு நம் வீடுகளில் புரதம் குறைவது இப்படித்தான். தட்டில் பருப்பு இருப்பதுபோலத் தெரியும், வயிற்றுக்குப் போவது சோறுதான்.

ஆகவே டே கேர் நாட்களில் சாம்பாரை ஓரமாக வைத்துவிட்டு, கெட்டிப் பருப்புக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த கணக்கு இது: மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குக் கால் கப் நெய்ப் பருப்பு, அது ஓர் அவுன்ஸ். பக்கத்தில் கால் கப் கடை யோகர்ட், அது அரை அவுன்ஸ். ஒன்றரை வந்துவிட்டது. முதல் பாதி பருப்புச் சாதம், பின் பாதி தயிர்ச் சாதம், எந்தத் தமிழ்க் குழந்தையும் மறுக்காத சாப்பாடு. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பருப்பு மட்டுமே போதும். கூட்டு வைத்தாலும் நல்லது. கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டைப்பயறு எல்லாவற்றுக்கும் இதே கால் கப் கணக்குதான். முட்டை சாப்பிடும் வீட்டுக் குழந்தை பிறகு வந்து சேர்ந்தால், ஒரு பெரிய முட்டை இரண்டு அவுன்ஸ்.

பருப்பைப் புரதமாகவும் எழுதலாம், காயாகவும் எழுதலாம். ஆனால் ஒரே பருப்பை ஒரே வேளையில் இரண்டு இடத்திலும் எழுதக் கூடாது. நீங்கள் அதைப் புரதத்தில் எழுதுங்கள், காய்க்குப் பொரியல் இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் பொரியல் கால் கப், ஒன்றரை வயதுக்கு அதில் பாதி. சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் நம்பாதீர்கள், அளக்க முடியாது. கீரை மசியல் பிரமாதம். வெந்த கீரை வெந்த அளவுக்கே கணக்காகும், பச்சை இலை என்றால் பாதிதான். பழமும் காய் மாதிரியே கால் கப். பழம் கிடைக்காத நாளில் இரண்டாவதாக வேறொரு காயை வைத்தால் அது பழத்துக்கு ஈடாகும்.

பால் பற்றி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் உங்களிடம் இரண்டு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருப்பதால் சொல்கிறேன். இரண்டு வயது முடியும்வரை முழுக்கொழுப்புப் பால், அரை கப். அதற்கு மேல் ஐந்து வயதுவரை ஒரு சதவீதக் கொழுப்புப் பாலோ கொழுப்பு நீக்கியதோ, இரண்டு வயதில் அரை கப், மூன்று வயதிலிருந்து முக்கால் கப். ஆகவே ஃப்ரிட்ஜில் இரண்டு கேன் இருக்க வேண்டும். வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். ஐந்து வயதுவரை சுவை சேர்த்த பால் கிடையாது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் கலந்தால் அதுவும் சுவை சேர்த்ததுதான். பாயசத்தில் ஊற்றிய பால் பாலாகாது. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, பெற்றோர் எழுதிக் கொடுத்தால் சத்து ஈடான சோயா பால் தரலாம். பாதாம் பால் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. அதனால் பெற்றோர் கேட்டதும் சரி என்று சொல்லிவிடாமல் லேபிளை ஸ்பான்சருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

காலை உணவுக்கு மூன்றே வகை: பால், காய் அல்லது பழம், தானியம். இட்லி, தோசை தாராளமாகக் கொடுக்கலாம், மாவு அரைக்கும் அரிசிதான் மேலே சொன்ன சோதனையில் தேற வேண்டும். பிரவுன் ரைஸில் பாதியும் கேழ்வரகில் பாதியும் போட்டு அரைத்துத் தோசை ஊற்றினால் மென்மையாக வரும், முழுத்தானியமும் ஆயிற்று. உளுந்தைப் புரதக் கணக்கில் சேர்க்க முயலாதீர்கள், இட்லியைத் தானியம் என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளை ரவை என்ரிச்ட் என்று போட்டிருந்தால்தான் உப்புமா சேரும். கோதுமை ரவை முழுக்கோதுமையை உடைத்ததாக லேபிள் சொன்னால் அது முழுத்தானியம். வெள்ளை அவல் பெரும்பாலும் தேறாது.

மாலைச் சிற்றுண்டிக்கு ஐந்து வகையில் ஏதாவது இரண்டு போதும். இரண்டு மேசைக்கரண்டி சுண்டலும் அரை கப் பழமும் வைத்தால் முடிந்தது. கொண்டைக்கடலையைச் சின்னவர்களுக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள், மசித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். தொண்டையில் சிக்கும் ஆபத்தை நான் மற்ற எல்லா விதிக்கும் மேலே வைப்பேன்.

வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் பொரித்து எடுத்த எதுவும் கூடாது. பூரி, வடை, பஜ்ஜி எல்லாம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும். அப்பளத்தைச் சுட்டுக் கொடுங்கள். கேக், குக்கி, அரிசிப் பாயசம் மாதிரி இனிப்பான தானியப் பண்டங்கள் தானியக் கணக்கில் வராது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கொடுக்க ஆசையாக இருந்தால் கொடுங்கள், அன்றைய தானியத்தை வெண்பொங்கலில் காட்டிவிடுங்கள்.

அளவுக் கரண்டிகள் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. கால் கப், எட்டில் ஒரு பங்கு கப் என்று எழுதிய கரண்டிகள் கிடைக்கின்றன, பரிமாற அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் போடுவதில் நம் கைக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனால் கண் மதிப்பு சோற்றில் கூடும், பருப்பில் குறையும். இன்னொன்று, நீங்கள் அடிக்கடி செய்யும் பருப்பு, கூட்டு, இட்லி மாவு ஆகியவற்றுக்குச் செய்முறையை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்: இத்தனை கப் பருப்பு, வெந்ததும் இத்தனை கப் வந்தது, இத்தனை பேருக்குப் பங்கு. கெட்டிப் பருப்பு என்று நீங்கள் வாயால் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. அந்தத் தாளையும் யோகர்ட், அரிசி லேபிள்களின் படத்தையும் முன்கூட்டியே ஸ்பான்சருக்கு அனுப்பி, சேரும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் காட்டலாம்.

மெனுவும் சாப்பிட்டவர் எண்ணிக்கையும் அன்றன்றே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதுவது பலருடைய பழக்கம். சொல்லாமல் வரும் நாளில் அதுதான் மாட்டும். தாள்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் இரண்டு சாப்பாடும் ஒரு சிற்றுண்டியும், இல்லையென்றால் ஒரு சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும், அதற்கு மேல் பணம் கேட்க முடியாது. சாப்பாட்டுக்கென்று பெற்றோரிடம் தனியாகக் கட்டணம் வாங்கவும் கூடாது.

உங்கள் மகள் விஷயம். சொந்தக் குழந்தையின் சாப்பாட்டை எழுதத் தடை இல்லை, ஆனால் இரண்டு நிபந்தனை. உங்கள் குடும்ப வருமானம் மத்திய அரசு வறுமைக் கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு வெளிக்குழந்தை ஒன்றாவது அதே வேளையில் கூடவே சாப்பிட வேண்டும். கணவர் சம்பளத்தோடு சேர்த்தால் உங்களுக்கு முதல் நிபந்தனை ஒத்துவராது என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் அவளை எழுதாதீர்கள். அவள் வழக்கம்போல எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இதே வருமானக் கணக்கு பணத்தின் அளவையும் தீர்மானிக்கிறது. வீட்டு டே கேர்களுக்கு இரண்டு படி உண்டு. ஏழ்மையான வட்டாரத்தில் இருக்கும் வீட்டுக்கோ, நடத்துகிறவரின் வருமானமே குறைவாக இருந்தாலோ முதல் படி. மற்றவர்களுக்கு இரண்டாம் படி. மதியச் சாப்பாட்டுக்கு முதல் படியில் மூன்று டாலருக்குச் சற்று மேலே, இரண்டாம் படியில் இரண்டு டாலருக்குச் சற்றுக் கீழே. தொகை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் மாறும். நீங்கள் இரண்டாம் படியில் இருந்தாலும், உங்களிடம் வரும் ஒரு குழந்தையின் பெற்றோருக்கு வருமானம் குறைவு என்றால் அந்தக் குழந்தைக்கு முதல் படித் தொகை கிடைக்கும். பெற்றோர் அந்தப் படிவத்தை நேராக ஸ்பான்சருக்கே அனுப்ப ஏற்பாடு செய்யலாம், அவர்கள் சம்பளம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நம்மவர்கள் வருமானம் கேட்டால் கூச்சப்படுவார்கள். இதைச் சொல்லிப் படிவத்தைக் கையில் கொடுங்கள். வரும் பணத்தை வருமான வரியில் எப்படிக் காட்டுவது என்று கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டு டே கேர்களுக்கென்று சாப்பாட்டுச் செலவைக் கழிக்க வரித்துறை ஒரு நிலையான தொகையே வைத்திருக்கிறது.

இனி உங்கள் மாமியார். அவர் போகும் மையம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம், மையத்திடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களும், உடல்நிலையால் அன்றாட வேலைகளில் உதவி தேவைப்படும் பெரியவர்களும், பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் மையத்தில் சாப்பிட்டால் இதே திட்டம் பணம் தருகிறது. மையம் வருமானப் படிவம் கேட்கும். அவருக்கு மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி, இருந்தால் அந்த எண்ணை எழுதினாலே போதும், வருமான விவரம் வேண்டாம்.

அந்தப் பால் பாக்கெட்டைப் பார்த்தால் மையம் இந்தத் திட்டத்தில் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பெரியவர்களின் மதியச் சாப்பாட்டிலும் ஒரு கப் பால் கட்டாயம். ஆனால் பெரியவர்களுக்கு உங்களிடம் வரும் குழந்தைகளுக்கு இல்லாத இரண்டு சலுகை உண்டு. ஒன்று, நாளில் ஒரு வேளை பாலுக்குப் பதிலாக முக்கால் கப் யோகர்ட் கொடுக்கலாம். இன்னொன்று, மையம் விரும்பினால், வைக்கும் ஐந்து வகையில் மூன்றை எடுத்துக்கொண்டாலே மதியச் சாப்பாடாகக் கணக்காகும் என்ற முறையைப் பின்பற்றலாம். அந்த முறையில் பால் வேண்டாம் என்று சொல்ல உங்கள் மாமியாருக்கு முழு உரிமை உண்டு. இந்த இரண்டையும் நம் ஊர்க்காரர்கள் நடத்தும் மையங்களில்கூடச் சிலர் அறியாமல் இருக்கிறார்கள். நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். எழுபது வயதுக்கு மேல் பாலைத் தொடாதவர்கள் நம்மில் ஏராளம், தயிர் என்றால் முகம் மலர்ந்துவிடும்.

எனக்குக் கவலை பாலைவிட அவருடைய சர்க்கரையைப் பற்றித்தான். பெரியவர்களுக்கான அளவில் தானியம் மட்டும் இரண்டு அவுன்ஸ், வெந்த சோறு என்றால் ஒரு கப். பழம் அரை கப். சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறும். அவருடைய மருத்துவரிடம் சொல்லி, எது குறைய வேண்டும், அதற்குப் பதில் எது வேண்டும் என்று தெளிவாக எழுதிய குறிப்பு ஒன்றை வாங்கி மையத்தில் கொடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த காரணத்துக்காகச் சாப்பாட்டை மாற்றினால் மையத்துக்கு வரும் பணம் நிற்காது, நியாயமான மாற்றத்தைச் செய்து தர வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. வெறுமே "அத்தைக்குச் சர்க்கரை, பார்த்துக் கொடுங்கள்" என்று வாயால் சொன்னால் இனிப்பை மட்டும் எடுத்துவிட்டுச் சோற்றை அப்படியே வைப்பார்கள். சோறு பாதியாகி, பருப்பும் காயும் கூட வேண்டும் என்று குறிப்பிலேயே இருக்கட்டும். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர் என்றால் மையத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதையும் கேட்டு, மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.